ஓஹ்ரித் ஏரிக்கரையில் இரண்டு நாள்

அல்பேனியா, வட மாசிடோனியா, கொசோவோ என்று மூன்று நாடுகள் சுற்றிவிட்டு பெங்களூரு திரும்பி ஒரு வாரம் ஆகிறது, மனசு மட்டும் இன்னும் வட மாசிடோனியாவின் ஏரிக்கரை ஊரான ஓஹ்ரித்தில்தான் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ஓஹ்ரித் ஏரியின் ஆழம் கிட்டத்தட்ட 288 மீட்டர், வயதோ பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று கேட்டதும் படகில் பேச்சே வரவில்லை. தெற்கே செயின்ட் நௌம் மடத்துக்குப் பக்கத்தில் ஊற்றுகள் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் உயரத்தில் இருக்கும் பிரெஸ்பா ஏரியின் தண்ணீர், சுண்ணாம்புப் பாறைக்குள்ளேயே கசிந்து வந்து இங்கே பொங்குகிறது, அடியில் மணல் புரள்வது அப்படியே தெரிகிறது. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் செயின்ட் சோஃபியா தேவாலயம். ஒட்டோமான் காலத்தில் மசூதியானபோது வெள்ளையடித்து மூடிய 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை 1950களில் மீட்டிருக்கிறார்கள். கானேயோ பாறை மேல் இருக்கும் சின்னக் கோயிலுக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு ஓஹ்ரித் முத்துமாலை வாங்கினேன். சிப்பி முத்து இல்லை, மீன் செதிலில் செய்த பூச்சைத் தடவி மினுக்குகிறார்கள். நேற்று அதைப் போட்டுக்கொண்டுதான் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனாள்.