போனில் சொல்ல முடிகிற புதிர்

கண்ணாடிக் குழாய்களில் வண்ணத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பிரிக்கிற விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் கட்டாயம் ஓடும். ஒரு நிறத்தை அதே நிறத்தின் மேல்தான் ஊற்றலாம், இல்லாவிட்டால் காலிக் குழாயில். கடைசியில் குழாய்க்கு ஒரு நிறம். அவ்வளவுதான் விதி. ஆனால் நாலு நகர்வு முன்கூட்டி யோசிக்காவிட்டால் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் அதிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "மாமா, இதுல பச்சை எதுங், பிரவுன் எதுங்?" என்று கேட்டான். ஆள் பார்த்துக் கேட்டிருக்கிறான்! எனக்கும் இரண்டும் ஒன்றுதான். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக இறங்குவது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அம்மாவிடமிருந்தே அக்காவுக்கும் போய், அவள் வழியாக இவனுக்கு வந்தது. நடுவில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் நிறமெல்லாம் பளிச்சென்று தெரியும். தாய்மாமன் சீரில் எழுதாமல் விட்ட அயிட்டம் இது. உண்மையில் பாட்டி கொடுத்தது, பேர் எனக்கு.

பையன் சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது படிக்கும் தங்கையை உட்கார வைத்து, லெவலுக்கு ஒரு மிட்டாய் என்று பேசி, நிறங்களைச் சொல்லச் சொன்னான். ரஃப் நோட்டில் குழாய்களை வரைந்து, நிறத்துக்குப் பதிலாக அ, ஆ, இ, ஈ என்று எழுதிக்கொண்டான். எழுதி முடித்த கையோடு விடையும் வந்துவிட்டது. யோசிக்கிற வேலை அவனுக்கு அத்துபடி. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் புதிரில் நிறத்துக்கு ஒரு வேலையும் இல்லை, அது வெறும் பெயர்ச்சீட்டு. நாலு எழுத்தில் அடங்குகிற சீட்டை நிறத்தில் மட்டும் ஒட்டி வைத்ததால், நன்றாக ஆடக்கூடிய ஒருவன் தங்கைக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த வகையில் சில ஆப்களில் நிறத்தோடு குறியும் காட்டும் வசதி இருக்கிறது. அவன் ஆடியதில் இல்லை. பெயர் வேண்டாம், விடுங்கள்.

சேலத்தில் எனக்கொரு கல்லூரி நண்பன். வங்கி அதிகாரி, பிறவியிலேயே பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் எல்லாம்: கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப அந்தப் புதிரை எனக்கும் போன்லயே சொல்லலாமேடா" என்றான். சொன்னேன். அ ஆ ஆ இ, அடுத்த குழாய் இ அ ஈ ஈ, இப்படியே. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, எதை எதில் ஊற்றுவது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். என் அளவுகோல் அன்றைக்குக் கிடைத்ததுதான்: போனில் சொல்ல முடிகிற புதிர் என்றால், கண்ணும் காதும் விரலும் அதற்கு வெறும் வாசல். ஒரு வாசல் அடைத்திருந்தால் இன்னொன்றைத் திறந்துவிட வேண்டியது செய்தவர் பொறுப்பு.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 'அமங் அஸ்'. 2018இல் வந்து, 2020 ஊரடங்கில் உலகமே ஆடிய விளையாட்டு. விண்கலத்தில் ஆளாளுக்குச் சின்னச் சின்ன வேலைகள்; கூட்டத்துக்குள் கலந்திருக்கும் வஞ்சகன் யார் என்று கண்டுபிடித்து வாக்களித்து வெளியே தள்ள வேண்டும். வேலைகளில் ஒன்று வயர் இணைப்பது. இடப்பக்கம் நாலு வயர், வலப்பக்கம் நாலு: சிவப்பு, நீலம், மஞ்சள், பிங்க். நிறத்துக்கு நிறம் இழுத்துச் சேர்க்க வேண்டும். சிவப்பு உணராத கண்ணுக்கு அந்தப் பிங்க் நீலத்தின் தம்பி மாதிரிதான் தெரியும். மற்ற விளையாட்டென்றால் தவறாகச் சேர்த்துவிட்டு மறுபடி முயலலாம், நஷ்டமில்லை. இங்கே ஒரே பேனல் முன்னால் ரொம்ப நேரம் நிற்கிறவன் வேலை செய்வதுபோல் நடிக்கிறான் என்பது ஊரறிந்த தடயம். கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்களில் ஒரு வகை சரியில்லாததற்கு விண்வெளியில் தூக்கி வீசப்படுவீர்கள்.

2020 கடைசியில், விளையாட்டை உருவாக்கிய இன்னர்ஸ்லாத் நிறுவனம் அந்த வயர்களின் முனைகளில் குறிகளைச் சேர்த்தது. வயருக்கு ஒரு குறி, குறிக்குக் குறி சேர்த்தால் போதும். நிறம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அவர்களில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். பிறகு, ஆளுக்கொரு நிறமாக வரும் ஆட்டக்காரர்களின் நிறப்பெயரை எழுத்தில் காட்டும் வசதியும் வந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். வஞ்சகன் புகுந்து போகிற காற்றுக் குழாய்க்கு வென்ட் என்று பெயர். "பச்சை வென்ட்ல இருந்து வந்தான்" என்று ஒருவர் சாட்சி சொன்னால், பச்சை எவன், பிரவுன் எவன் என்று தெரியாமல் எப்படி வாக்குப் போடுவது? வடஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு இந்தக் குறைபாடு உண்டு. நம் நாட்டில் கொஞ்சம் குறைவு. ஆனாலும் பத்துப் பேர் கூடும் அறைகளில் அடிக்கடி ஒருத்தன் இருந்திருப்பான், அசட்டுச் சிரிப்போடு யாரையோ பார்த்து வாக்குப் போட்டிருப்பான்.

இதில் புதுக் கண்டுபிடிப்பு ஏதுமில்லை. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே என்று இணைய அணுகல் வழிகாட்டியின் முதல் பதிப்பே 1999இல் சொல்லிவிட்டது. கேண்டி க்ரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மிட்டாய் அவரை விதை மாதிரி, பச்சை சதுரம், நீலம் உருண்டை. நிறத்தைக் கழுவிவிட்டாலும் வடிவத்தை வைத்து ஆடலாம். யாரும் அதை மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று சொல்லிக்கொள்வதில்லை.

'வேர்டில்' கொஞ்சம் சிக்கலான கதை. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும்; எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள். ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதன் பச்சையும் மஞ்சளும் என் போன்றவர்களுக்குத் தொல்லைதான், ஆனால் செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஆரஞ்சும் நீலமுமாக மாறிவிடும். என் பிரச்சினை அதோடு தீர்ந்தது. நண்பனின் பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது. எல்லோரும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் தங்கள் முடிவைக் கட்டம் கட்டமாகப் போடுவார்களே, அதை டாக்பேக் ஒவ்வொரு கட்டமாக வாசிக்கும்: "பிளாக் லார்ஜ் ஸ்கொயர், பிளாக் லார்ஜ் ஸ்கொயர், யெல்லோ ஸ்கொயர்..." ஆறு வரி என்றால் முப்பது கட்டம். குழுவில் ஏழு பேர் போட்டால் அவன் பல் துலக்கி முடித்தாலும் அது முடியாது. "மூணாவது முயற்சியில கண்டுபுடிச்சேன்னு ஒரு வரி எழுதக் கை வலிக்குதா உங்களுக்கு?" என்று ஒருநாள் குழுவிலேயே கேட்டான். இப்போது எங்கள் குழுவில் கட்டத்துக்குத் தடை.

அவன் ஆடுவது லிசெஸ் என்கிற ஆன்லைன் சதுரங்கத் தளத்தில். அது 2010இல் திபோ டூப்ளெஸ்ஸி தொடங்கியது, முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் அந்தத் தளத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவதே பார்வையற்றோருக்கான முறைக்கு மாறும் இணைப்புதான். மாறினால் பலகை எழுத்தாகிவிடும். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று வாசிக்கும், நகர்வைத் தட்டச்சு செய்தால் போதும். சதுரங்கப் புதிர்களை அவன் அப்படித்தான் போடுகிறான்; என்னைவிட ரேட்டிங் அதிகம், எவ்வளவு அதிகம் என்பது இங்கே அவசியமில்லை. ஆனால் பஸிள் ஸ்டார்ம் என்று ஒன்று உண்டு, 3 நிமிடத்தில் எத்தனை புதிர் போடுகிறாய் என்பது போட்டி. அதைப் பற்றி அவனிடம் பேச்செடுத்தால் எரிந்து விழுவான். நான் ஒரு பார்வையில் விழுங்குகிற பலகையை அவன் காய் காயாகக் கேட்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் ஒரு புதிருக்கான நேரம் போயிருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்கினால் அவன் மூளைக்கும் என் மூளைக்கும் போட்டி நடப்பதில்லை, அவன் காதுக்கும் என் கண்ணுக்கும் நடக்கிறது. 2022இல் வந்த 'காட் ஆஃப் வார் ராக்னராக்'கில் புதிர்களுக்கான நேரத்தை நீட்டிக்கொள்ள ஒரு அமைப்பு வைத்தார்கள். தனியாக ஆடுவது என்பதால் அங்கே சுலபம். நேருக்கு நேர் மோதும் ஆன்லைன் ஆட்டத்தில் இதை எப்படிச் செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நிலையைக் கேட்டு முடித்த பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும் என்கிறான் அவன். ஏமாற்றுவார்களே என்றால், "கண்ணு தெரிஞ்சவன் ஏமாத்தறதே இல்லையா?" என்கிறான்.

விரல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குப் பார்க்கின்சன்ஸ், கை நடுங்கும். சுடோக்கு போடுவார், ஏனென்றால் அங்கே கட்டத்தைத் தட்டி எண்ணைத் தட்டினால் போதும். ஜிக்சா அவருக்கு ஆகாது. துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் விரல் எகிறிவிடும், துண்டு திரும்பப் போய் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். முன்பு சொன்ன இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, 2023இல் வந்தது, இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: இழுப்பது தவிர்க்க முடியாததாக இருந்தாலொழிய, இழுத்துச் செய்வதைத் தட்டியும் செய்ய முடிய வேண்டும். 'அமங் அஸ்'ஸில் அட்டை தேய்க்கும் வேலை ஒன்று உண்டு. வேகமாகத் தேய்த்தாலும் திட்டும், மெதுவாகத் தேய்த்தாலும் திட்டும். அங்கே அந்த எரிச்சல்தான் நகைச்சுவை, எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சித்தப்பா முன்னால் வைக்கவும் மாட்டேன்.

இதெல்லாம் பேசும்போது யாராவது ஒருவர் "ஸ்கிப் பட்டன் வெச்சா போதுமே" என்பார். 2018இல் வந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்' அப்படித்தான் செய்தது: அமைப்புகளில் புதிர்களைத் தாண்டும் தேர்வு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, அங்கே ஜனம் வருவது கட்டடத்துக்குக் கட்டடம் தாவ. ஆனால் புதிருக்காகவே இருக்கிற விளையாட்டில் புதிரைத் தாண்டச் சொன்னால் அங்கே மீதி என்ன இருக்கிறது? அக்கா மகன் ஆடிய குழாய் விளையாட்டிலும் தாண்டும் பொத்தான் உண்டு, ஒரு விளம்பரம் பார்த்தால் திறக்கும். குறி போடச் சொல்லி அவர்களுக்கு எழுதினேன். எங்கள் விளையாட்டை விரும்பியதற்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று பதில் வந்தது.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது. 'தி விட்னஸ்', 2016, ஜொனதன் ப்ளோ உருவாக்கியது. ஆன்லைன் ஆட்டம் இல்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தீவு முழுக்கக் கோடு போடும் புதிர்கள். காட்டுப் பகுதியில் பறவைச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான் கோட்டை வரைய வேண்டும். பங்கர் பகுதியில் நிறக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறம் மாறும், அந்த மாற்றம்தான் புதிர். சத்தத்துக்கு எழுத்துப் போட்டால் விடையையே கொடுத்ததாகிவிடும். நிறத்துக்குக் குறி போட்டாலும் அப்படியே. இங்கே வாசலும் வீடும் ஒன்று. அதனால் கோபம் வரவில்லை. ப்ளோ வேறொன்று செய்திருக்கிறார்: தீவில் அந்தந்தப் பகுதியின் புதிர்களை முடித்தால் எரியும் 11 லேசர்கள், அதில் 7ஐ எரியவிட்டாலே மலைக்குள் போகும் வழி திறந்துவிடும். காது கேளாதவர் காட்டை விட்டுவிடலாம், நான் பங்கரை விட்டுவிடலாம், யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்கித் தலைகுனிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான விதியாகவே அதை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பனுக்கு அதுவும் போதாது. கோடு வரையக் கண் வேண்டுமே.

சேலம் போனபோது லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டுப் பகுதியை அவன் முன்னால் திறந்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்து, "மேலே, கீழே, கீழே, மறுபடி மேலே" என்று அவன் சொல்லச் சொல்ல நான் கோடு இழுத்தேன். பின்னால் வேறு சத்தங்கள் கலக்கிற பேனல்களில் எனக்கு எது பறவை என்றே தெரியவில்லை, அவன் தடுமாறவில்லை. அடுத்து எங்கே என்று கேட்டான். பாலைவனம், வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்கிற கோணத்தைப் பார்த்து வரைய வேண்டும் என்றேன். "அதை நீயே பாரு, எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.