"பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

முதல் நேர்காணலில் "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்கள். நான் பவ்யமாக, "நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்றேன். அவர்களும் பார்த்து 11,700 போட்டார்கள். அதற்கு முந்தைய வேலையில் நான் வாங்கிக்கொண்டிருந்தது 14,500. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். பி.காம். முடித்துவிட்டு 2018லிருந்து 2022 வரை பக்கத்திலேயே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்த்தேன். 14,500 சம்பளத்தில் 9,000 வங்கிக்கு வரும், மீதி 5,500 கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கிடையாது, பே ஸ்லிப் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அப்போது அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வேலை, மாசம் பிறந்தால் காசு. அப்புறம் குழந்தை பிறந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். 2024 ஜூலையில் ஓசூர் பக்கம் வேலை தேட ஆரம்பித்தபோதுதான் அந்தக் கவர் என் கழுத்தைச் சுற்றிய கதை தொடங்கியது.

முதலில் அனுபவச் சான்றிதழ். ஜூலை என்றால் பெங்களூரா மாங்காய் வரத்து, தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், உள்ளே போனாலே காலுக்கடியில் பிசுபிசு என்று ஒட்டும். அந்த நேரத்தில் போய் ஆபீஸ் கிளார்க்கிடம் சான்றிதழ் கேட்டேன். "சீசன் முடியட்டும்மா, இப்ப எவனுக்கு நேரம் இருக்கு?" இரண்டாவது முறை போனபோது லெட்டர்பேட் தீர்ந்துவிட்டதாம். மூன்றாவது முறை நானே கடிதத்தை டைப் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன், பிரிண்ட் எடுத்து முத்திரை வைத்தால் போதும் என்று. மனிதர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கள் ஃபார்மட் வேறு என்று தானே மறுபடி டைப் செய்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கிறேன், 2018 என்பது 2019 ஆகியிருக்கிறது. ஒரு முழு வருடம் போச்சு. திரும்பிப் போனால் முதலாளி சித்தூர் போயிருக்கிறார், முத்திரை அவர் அலமாரியில். சான்றிதழை வாங்கியவுடன் அங்கேயே நின்று ஒவ்வொரு தேதியையும் படித்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று மடித்துப் பைக்குள் வைத்ததால் வந்த வினை இது.

அடுத்தது ஒரு வீண் பயணம். ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் செய்து செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். கிருஷ்ணகிரி வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அங்கிருந்து ஓசூர் போகிற பஸ்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, போக வர நூறு ரூபாய் பக்கம் ஆகிவிடும். குழந்தையை அத்தையிடம் விட்டு, ஏழு மணிக்குக் கிளம்பி, மூக்கண்டப்பள்ளியில் இறங்கி விசாரித்து விசாரித்து கேட்டுக்குப் போனால், செக்யூரிட்டி அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு, "எச்ஆர் மேடம் இன்னிக்கு லீவும்மா, உங்க பேரும் இங்க இல்லையே" என்றார். கன்சல்டன்சிக்குப் போன் போட்டால், "ஓ, புதன்கிழமைன்னு சொல்லலையா?" அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் முந்தின நாள் மாலை நானே கம்பெனி எண்ணுக்கு அழைத்து, யாரைப் பார்க்க வேண்டும், கேட்டில் என் பெயர் இருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

புதன்கிழமை மறுபடி போனதுதான் அந்த 11,700 கம்பெனி. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து அப்பா பெயர், ஊர், பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு மார்க் வரை போய்விட்டேன். "அதெல்லாம் ரெஸ்யூமேல இருக்குங்க" என்று எதிரே இருந்தவர் நிறுத்தினார். கடைசி சம்பளத்துக்கு ஆதாரம் கேட்டார், பாஸ்புக்கை நீட்டினேன். மாதம் 9,000 வரவு. கவர் விஷயத்தைச் சொல்ல வெட்கம், பழைய முதலாளிக்குப் பிரச்சினை வந்துவிடுமோ என்று பயம் வேறு, சொல்லவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வியும் என் பொன்னான பதிலும். போனில் கால்குலேட்டரைத் திறந்து 9,000க்கு முப்பது சதவீதம் ஏற்றி, "நல்ல ஹைக்தானேம்மா?" என்று சிரித்தார். பஸ் செலவு போக மிச்சம் ஒன்பதாயிரம்தான் நிற்கும் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டே "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் வரமாட்டேன் என்று போனில் சொல்லத் தைரியம் வந்தது.

இரண்டாவது இடத்துக்கு உஷாராகப் போனேன் என்று நினைப்பு. இந்த முறை என்னைப் பற்றிச் சொல்ல நாலே வரி வைத்திருந்தேன்: நாலு வருடம் மாங்கூழ் தொழிற்சாலைக் கணக்கு, சீசனில் விவசாயிகளுக்கும் மண்டிக்காரர்களுக்கும் பட்டுவாடா முழுக்க என் கையில், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு வேண்டிய கணக்கை டாலி சாஃப்ட்வேரில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பியது நான், வங்கிக் கணக்கை ஒத்துப் பார்த்ததும் நான். இது எடுபட்டது. அடுத்த கேள்விகளெல்லாம் அந்தப் பட்டுவாடாவைப் பற்றியே வந்ததால் எனக்குத் தெரிந்த களத்திலேயே ஆட்டம் நடந்தது.

இரண்டு வருட இடைவெளியைக் கேட்டார்கள். "குழந்தை பிறந்தது சார், இப்ப அவளுக்கு ரெண்டு வயசு, அத்தை பார்த்துக்கறாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீட்டி முழக்கினால் நாமே ஏதோ தப்பு செய்த மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்து, "ரெண்டாவது குழந்தை எப்போ?" ஒரு பெண்மணிதான் கேட்டார். கோபம் வந்தது, வேலையும் வேண்டும். "இப்போதைக்கு வேலைதான் மேடம்" என்று மட்டும் சொல்லி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். அதே அறைக்கு எனக்கு முன்னால் போய்வந்த பையனிடம் வெளியே கேட்டேன், அவனிடம் யாரும் கல்யாணத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லையாம்.

சம்பளம் என்றதும், இந்த முறை எண் சொல்லித்தான் தீருவேன் என்று "வருஷத்துக்கு மூணு லட்சம்" என்றேன். மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 25,000, கைக்கு வரும், அப்படித்தான் என் கணக்கு. அவர்கள் பேரம்கூடப் பேசாமல் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் ஊருக்குத் திரும்பி இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் ஒரு கம்பெனி டைம் ஆபீஸில் இருக்கும் பெரியப்பா மகனிடம் போனேன். அண்ணன் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "சிடிசி வேற, கிராஸ் வேற, கைக்கு வர்றது வேற பாப்பா. நீ மூணு லட்சம்னு சொன்னா அவங்க சிடிசின்னுதான் எடுத்துப்பாங்க." சிடிசி என்றால் கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கிராஸ் என்றால் அதில் கம்பெனி பங்குகள் போக, நம் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாதம் 25,000. பேசிக் 15,000. கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,800, அது உள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 722. போனஸ் 8.33 சதவீதம், 1,250, அதுவும் உள்ளேயே, ஆனால் தீபாவளிக்குத்தான் தருவார்கள். மூன்றும் சேர்ந்து 3,772 போக கிராஸ் 21,228. அதில் என் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் 19,428. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொழில் வரி தனி. கம்பெனி பஸ் கிடையாது, ஆகவே பஸ்ஸுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. கடைசியில் கையில் மிஞ்சுவது பதினேழாயிரத்துக்குக் கீழே.

அதோடு விடவில்லை அண்ணன். 21,228ஐ வட்டம் போட்டு, "இதுதான் கொடுமை" என்றார். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால்தான் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும், நமக்கும் குழந்தைக்கும் வைத்தியம் பார்க்கலாம், பிரசவ விடுப்புக்குச் சம்பளமும் அதில்தான் வரும். வெறும் 228 ரூபாய் அதிகம் என்பதால் எனக்கு அது இல்லை. மாற்றாக ஏதாவது மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று லெட்டரைத் தேடினோம், ஒரு வரிகூட இல்லை.

எச்ஆருக்குப் போன் செய்து கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். "நீங்க கேட்ட மூணு லட்சத்தைத்தானே அப்படியே கொடுத்திருக்கோம்?" அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது. இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன், மூன்றாம் நாள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள்.

மூன்றாவது கம்பெனி செப்டம்பரில், சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் இடம். இங்கே ஃபைனான்ஸ் மேனேஜர் நேராக வேலைக்கு வந்தார். "அத்திப்பள்ளிக்கு 60,000 ரூபாய் சரக்கு அனுப்பறோம், இ-வே பில் போடணுமா?" இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ரசீது, எனக்குச் சர்க்கரைப் பொங்கல். போட வேண்டும், தமிழ்நாட்டுக்குள்ளே என்றால் ஒரு லட்சம் வரை வேண்டாம், ஆனால் அத்திப்பள்ளி கர்நாடகா, மாநிலம் தாண்டினால் 50,000க்கு மேலே போனதும் வேண்டும் என்றேன். ஜூஜூவாடியைத் தாண்டினால் வேறு மாநிலம் என்பது ஓசூரில் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தினசரித் தலைவலி, எங்கள் மாங்கூழும் அந்த வழியாகத்தான் போகும். உடனே அடுத்தது: "அதே அத்திப்பள்ளிக்கு 20,000 ரூபாய் சரக்கு, முலாம் பூசி வாங்க ஜாப் வொர்க்குக்குப் போகுது. இப்ப?" 50,000க்குக் கீழேதானே, வேண்டாம் என்று வாய் வரை வந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் ஜாப் வொர்க்கே, அதாவது பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவதே, கிடையாது. "அது எனக்குத் தெரியாது சார், பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றேன். மாநிலம் தாண்டி ஜாப் வொர்க்குக்குப் போனால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் போட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். முகம் ஒன்றும் மாறவில்லை. அடித்துவிட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். தெலுங்கு தெரியுமா என்றும் கேட்டார், எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் பேச்சு, சமாளிப்பேன் என்றேன்.

பிறகு எச்ஆர். பாஸ்புக்கைப் பார்த்ததும் அதே கேள்வி, 9,000தானே? இந்த முறை மறைக்கவில்லை. "வாங்கினது 14,500 சார், 5,500 கவர்ல கொடுத்தாங்க, அதுக்குக் காகிதம் இல்லை. பழைய சம்பளத்தை வச்சுக் கணக்குப் போடாம இந்த வேலைக்கு என்ன பட்ஜெட்னு பார்த்துச் சொல்லுங்க." சொல்லும்போது உள்ளங்கை வேர்த்தது, ஆனால் அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. இந்தப் பக்கத்தில் கவர் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான் இல்லை போலிருக்கிறது.

கிராஸ் 19,500 என்றார். அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார், எண் கேட்டவுடன் பதில் பேசாதே, மனசுக்குள் பத்து வரை எண்ணு என்று. எண்ணினேன். ஏழில் அவரே, "நீங்க என்ன நினைச்சீங்க?" என்றார். கிராஸ் 21,000, போனஸ் அதற்கு வெளியே, பஸ் உங்களுடையது என்றேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "சரி, 21,500னு ரவுண்ட் பண்ணிக்கலாமா, ஆனா போனஸ் உள்ளே" என்றார். "வேண்டாம் சார், 21,000க்கு மேல ஒரு ரூபாய் கூட வேண்டாம்." அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இஎஸ்ஐயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். ஃபைலில் 21,000 என்று எழுதினார். பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 158 போகக் கைக்கு 19,042. மூன்று லட்சக் கம்பெனியைவிட 386 ரூபாய் குறைவு, ஆனால் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் கிருஷ்ணகிரிக்கே வருகிறது, மதியச் சாப்பாடும் அங்கேயே. கிளம்பும்முன் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அன்று மாலையே வந்துவிட்டது.

சேருவதற்குள் இன்னொரு பயம் காட்டினார்கள். என்னைப் பற்றி விசாரிக்கப் பழைய இடத்துக்குப் போன் போயிருக்கிறது, எடுத்தது அதே கிளார்க். 2018லிருந்து வேலை பார்த்தாரா என்று கேட்டதற்கு, "இல்லைங்க, 2019தான், லெட்டர்ல நானே போட்டேனே" என்று சொல்லியிருக்கிறார். 2018 ஜூன் தொடங்கி மாதாமாதம் 9,000 ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கிளையில் வாங்கி அனுப்பித்தான் தப்பித்தேன். அந்தச் சான்றிதழ் இன்னும் 2019லேயே நிற்கிறது. போன வாரம்கூடப் போன் செய்தேன். இப்போது அடுத்த சீசன் வந்துவிட்டதாம், முடியட்டும் என்கிறார்.