பதினொரு மணிக்கு வந்தவர்

எங்கள் நிலம் கடைமடை. வீரசோழன் ஆற்றிலிருந்து பிரிகிற தண்ணீர் ஊர் ஊராக நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். எங்களுக்கு அப்பால் சவுக்குத் தோப்பும் கடலும்தான். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்துவிட்டாலும், தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய ஜூலை 9ஆம் தேதியை நாங்கள் நினைவுகூர்ந்து முடிக்கும்வரை என் மதகு காய்ந்தே கிடக்கிற ஆண்டுகள் உண்டு. "1706இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்துவிட்டது, முக்கொம்பு தாண்டிய தண்ணீர் இன்னும் வரவில்லை" என்று ஆராதனை முடிந்து நிற்கும்போது கேலி பேசிக்கொள்வோம்.

அதனால் "பிந்தினோர் முந்தினோராயும், முந்தினோர் பிந்தினோராயும் இருப்பார்கள்" என்கிற வசனம் எனக்கு மிகவும் சொந்தம். விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில்கூட ஒருமுறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். மேல்மடைக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்த வசனம் எந்தக் கதையின் முடிவில் வருகிறது என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இரவில் நான்தான் வேதம் வாசிக்கிறேன். ஐப்பசியில் ஒருநாள் மத்தேயு 20 வந்தது. திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் நாளுக்கு ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அனுப்புகிறான். பிறகும் நான்கு முறை கடைவீதிக்குப் போய் ஆள் கூட்டி வருகிறான். கடைசியாக வந்தவர்கள் பதினோராம் மணி வேளையில் வந்தவர்கள். நம் கடிகாரத்தில் மாலை ஐந்து. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள்.

அந்த இடத்தில் என் குரல் தடுமாறியது. அம்மா கவனித்துவிட்டார். "மறுபடி வாசி, தம்பி" என்றார்.

புரட்டாசியில் சம்பா நடவு. எட்டுப் பெண்கள் காலை ஏழு மணிக்கே வயலில் இறங்கிவிட்டார்கள். பதினொரு மணிக்கு வரப்பில் இன்னொருவர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காலை ஐந்தரையிலிருந்து முக்கூட்டில் நின்றாராம். வெளியூர் நடவுக்கு ஆள் ஏற்ற வந்த இரண்டு வேன்களும் முழங்கால் வலிக்காரர் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போய்விட்டன. "யாரும் கூப்பிடவில்லை, ஐயா. இங்கே நடவு என்றார்கள், நடந்து வந்தேன்." நான் தலையசைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். இடது கையில் நாற்றுமுடி, வலது கை சேற்றில் போய்ப் போய் வந்தது. நிமிரும்போது மட்டும் ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வார்.

இரண்டு மணிக்குக் கரையேறினார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கு 300 ரூபாய், அவருக்கு 150. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். மணிக்கணக்கைப் பார்த்தால் நான் கொடுத்தது சற்றுக் கூடுதல்தான். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டுகளைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, கெண்டைக்காலில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தார்.

நியாயம் என்று கேட்டால் என் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுலும் ரோமர் நிருபம் 4இல் அதைத்தான் சொல்கிறார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." நான் கடனைத் தீர்த்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த எஜமானும் முந்தி வந்தவர்களின் கடனைப் பைசா குறையாமல் தீர்த்தான். கடைசியாக வந்தவர்களுக்கும் அதே ஒரு பணத்தைக் கொடுத்தான். பேசிய ஒரு பணத்தை வாங்கிய பிறகுதான் அவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்களுக்கு வலித்தது, பக்கத்துக் கையில் இருந்த பணம். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்கிறான் எஜமான். வன்கண்ணன்! புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோமே, அது ஊரார் கண்ணுக்கு. வீட்டுக்காரன் கண்ணுக்கு ஒன்றும் கட்டுவதில்லை.

தண்ணீர் என்றால் கடைசியில் நிற்பவனுக்கும் முழுப் பங்கு வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசுகிறேன். கூலி என்றால் வாட்சைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே ஆள், ஒரே வயல்.

களையெடுப்புக்கு அந்த அக்காவும் வந்திருந்தார். டீ நேரத்தில் 150 ரூபாயை நீட்டினேன். "எதற்கு, ஐயா?" என்றார். கிருபை என்று சொல்ல வாய் வரவில்லை. "அன்றைக்குக் கணக்கில் ஒரு பிசகு" என்றேன்.

"கணக்கு சரியாகத்தானே இருந்தது?"

அதற்குள் காலை ஏழு மணிக்காரர்களில் ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவங்களுக்கு முழுக் கூலி என்றால், முழுநாள் குனிந்த எங்களுக்கு?" எஜமானின் பதில் எனக்கு மனப்பாடம். ஆனால், "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்று அந்த முதுகுகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வேதத்தில் முந்தி வந்தவர்களுடைய பக்கம் முறுமுறுப்போடு நின்றுவிடுகிறது. என் வயலில் நிற்கவில்லை. மறுநாளும் அதைப் பற்றித்தான் பேச்சு.

இரவு நோட்டைத் திறந்தேன். நடவுக் கூலி, களைக் கூலி, உரம், டீசல் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. அந்த 150 ரூபாய் எதிலும் அடங்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இதர செலவு" என்று எழுதினேன்.