வலது கால்

மே 5
விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கினேன். பயிற்சி விமானம் பராமரிப்புக்குப் போயிருப்பதால் மூன்று வாரம் லீவு. பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கில் 14 மணி நேரம் இருக்கிறது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் எத்தனை நூறு மணி ஓட்டினாலும் ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் ஏறாது. தெரிந்தும், குளித்த கையோடு கம்ப்யூட்டரின் தூசியைத்தான் தட்டினேன்.

கிளம்பும்போது பயிற்சியாளர் இரண்டு குறை சொன்னார். டேக்-ஆஃபில் வலது கால் வேலையே செய்யவில்லை. கண் வெளியே போகாமல் மீட்டர்களிலேயே கிடக்கிறது. "வீட்ல சிமுலேட்டர் ஓட்டுவியாம்மா?" என்று கேட்டார். நான் அவரிடம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

மே 6
காரணம் பிடிபட்டது. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் புரொப்பெல்லர், பைலட் சீட்டிலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். முழு பவர் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வாலில் உள்ள திருப்பும் தகட்டை (ரட்டர்) அசைக்கும் வலது பெடலை மிதித்துத்தான் நடுக்கோட்டில் பிடிக்க வேண்டும். என் சிமுலேட்டரில் 'ஆட்டோ ரட்டர்' மூன்று வருடமாக ஆனிலேயே இருந்திருக்கிறது. நான் மிதிக்க வேண்டியதையெல்லாம் அதுவே மிதித்திருக்கிறது.

அதை அணைத்துவிட்டு, சிமுலேட்டரில் மதுரையின் 27-ஆம் ஓடுபாதையில் ஓட்டினேன். வேகம் 40 நாட் (மணிக்கு 74 கி.மீ.) தொடும் முன்பே விமானம் இடது பக்கப் புல்லில் இறங்கிவிட்டது. அழுகை வந்தது. மூன்று வருடம்.

மே 9
ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் ரட்டர் திரும்பும். ஆனால் அது கைப் பழக்கம், கால் பழகாது. கடையில் பெடல் விலையைக் கேட்டதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அப்பா நிறுத்தவில்லை. செல்லூர்ப் பட்டறைக்குக் கூட்டிப்போய், சாக்பீஸால் தரையில் வரையச் சொன்னார்.

"ரெண்டும் தனித்தனியா அமுங்கணுமா தாயி?"

"இல்லப்பா. ஒண்ணு அங்கிட்டுப் போனா இன்னொண்ணு இங்கிட்டு வரணும்."

இரும்பு ஆங்கிள், நாலு பேரிங், ஸ்கூட்டரில் கழற்றிய ஸ்பிரிங், உடைந்த ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுத்த, அசைவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர். வெல்டிங் நடக்கும்போது, சிமுலேட்டர்களின் முன்னோடி எட்வின் லிங்க் கதையைச் சொன்னேன். அவருடைய அப்பாவும் பட்டறைக்காரர்தான். ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளையே வைத்து, சாயவும் திரும்பவும் செய்கிற ஒரு பயிற்சிப் பெட்டியை 1929-இல் லிங்க் செய்து முடித்தார். 1934-இல் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது; மோசமான வானிலையில் தபால் கொண்டுபோன விமானிகள் வரிசையாகச் செத்த பிறகு.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "துருத்தியா? நம்ம துருத்தி மாதிரியா?"

மே 12
வெளியே 38 டிகிரி. சிமுலேட்டரிலும் அதையே வைத்தேன். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 அடி. அந்த உயரத்துக்குக் கணக்குப்படி 14 டிகிரிதான் இருக்க வேண்டும். கூடுதல் டிகிரி ஒவ்வொன்றுக்கும் 120 அடி சேர்த்தால், இந்த வெயிலில் விமானம் 3,300 அடி உயரத்துக் காற்றில் நிற்பது போலத்தான். சூட்டில் காற்று மெலிந்துவிடும்; இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது போதாது. ஓடுபாதையில் ஓட்டம் நீண்டது, ஏற்றம் மந்தமானது. புத்தகத்தில் படித்தபோது இது எனக்கு வெறும் சூத்திரம்.

மே 16
மானிட்டரின் கீழ்ப்பாதியில் காலண்டர் அட்டையை ஒட்டிவிட்டேன். வேகமானி, உயரமானி எதுவும் தெரியாது. விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் மீட்டரின் பந்துக்கு மட்டும் ஓட்டை. பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை மிதிக்க வேண்டும். மூக்குக்கும் அடிவானத்துக்கும் உள்ள இடைவெளியையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்தே வேகத்தைச் சொல்லிப் பழகினேன். வடகிழக்கே ஆனைமலையைக் குறியாக வைத்து நேராகப் போனேன். பத்து தடவையில் ஆறு தடவை உயரம் சரியாக நின்றது.

மே 19
தரையிறங்குவதை மட்டும் இதில் பழகுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தரை நெருங்குவதைக் கண்ணின் ஓரங்கள்தான் சொல்லும். ஒற்றைத் திரையில் ஓரமே கிடையாது. தப்பாகப் பழகி, பிறகு அதை மறக்கப் பாடுபட வேண்டாம். எஞ்சின் நின்றால் 68 நாட்டில் மிதப்பது, செக்லிஸ்ட், ரேடியோ பேச்சு: இவற்றுக்கு இதைவிட நல்ல இடம் எனக்கு இல்லை. ரேடியோ வாசகங்களைச் சமையலறை வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கே பாதி மனப்பாடம்.

மே 24
இன்று ஐந்து டேக்-ஆஃப். ஐந்திலும் நடுக்கோடு. கால் தானாகப் போகிறது, நான் அனுப்பவில்லை.

பத்து மணிக்கு பஸ். பையைத் தூக்கும்போது அப்பா பெடலுக்கு முன் குத்தவைத்து, கட்டை விரலால் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க போய் நெச விமானத்துல மிதிச்சுப் பாத்துட்டு, எம்புட்டு இறுக்கமா இருக்குன்னு போன் பண்ணு. ஸ்பிரிங்க மாத்தி வைக்கிறேன்."