ஐயூர்க் காட்டில் ஆறுமணிக் குருவி

ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மேலகிரி மலைப் பக்கம் கிளம்பியபோது யானை பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள், ஆனால் நான் போனது ஒரு சாண் நீளம்கூட இல்லாத, ஆங்கிலத்தில் பிட்டா என்று சொல்லும் குருவிக்காக. தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்கும்போது கடைக்காரரிடம் "இங்க பிட்டா வருமாண்ணா?" என்று கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் போல, "ஏ பிட்ட?" என்று திருப்பிக் கேட்டார். எந்தக் குருவி என்று! தெலுங்கில் பிட்ட என்றால் ஏதோ ஒரு சின்னப் பறவை, அவ்வளவுதான். அந்தச் சொல்லை 1816இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்து இந்தப் பேரினத்துக்கே பெயராக வைத்துவிட்டார். இங்கே குருவி வருமா என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்.

பச்சை முதுகு, கட்டை வால், அடியில் சிவப்பு என்று விளக்கியதும் "ஆறுமணிக் குருவியா! சாயங்காலம் ஓடைப் பக்கம் கேக்கும் சார், இருட்டறதுக்குள்ள ரோட்டுக்கு வந்துடுங்க, யானை சுத்துது" என்றார்.

இந்தியில் நவரங் என்பார்கள், ஒன்பது நிறம். படத்தில் பார்த்தால் சரி, ஐயூர்ப் பக்கம் ஓடைக்கரைச் சருகுக்குள் அது தத்திக்கொண்டு புழு தேடும்போது ஒரு நிறமும் கண்ணில் படாது; ஆறு மணியை ஒட்டி "வீட்-ட்யூ" என்று இரட்டை விசில் கேட்டதற்கு அப்புறம்தான் எந்தப் புதர் என்றே தெரிந்தது. அதனால் என் ஓட்டு தமிழ்ப் பெயருக்குத்தான்.

அது பார்ப்பது கடிகாரத்தை அல்ல, வெளிச்சத்தை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, அது நம் பக்கம் தங்கும் மாதங்களில், விடிவதும் இருட்டுவதும் ஏறக்குறைய ஆறு, ஆறரைக்குத்தான். கோடையில் கூடு கட்ட இமயமலை அடிவாரம் வரை போய்விடும், அங்கே ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் விடிந்து ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அந்த ஊர்க்காரர்கள் இதற்கு ஆறுமணி என்று பெயர் வைத்திருக்கவே முடியாது.

வலசை வரும் அக்டோபர் வாக்கில் களைத்துப்போய் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்காமல், காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.