பதினான்கு வாரம் கொசு எண்ணிய கணக்கு

மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பத்து நிமிடத்துக்குள் மகளின் கால் முழுக்கத் தடிப்பு வந்துவிடும். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு, கொசுவர்த்திச் சுருளின் புகை அறவே ஒத்துக்கொள்ளாது. புகையில்லாமல் என்ன செய்ய முடியும் என்று பார்த்தே ஆகவேண்டிய நிலை. ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதினேன்: 23.

அந்த எண் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பேன்ட், தடித்த கறுப்புக் காலுறை போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து நாற்காலியில் கால் மணி நேரம் அசையாமல் உட்காருவேன். முழங்காலுக்குக் கீழே வந்து உட்காரும் கொசுக்களை எண்ணுவேன். கருமையான நிறம் கொசுவை இழுக்கும், அதனால்தான் அந்த உடை. வெறுங்காலைக் காட்டி யாரும் எண்ண வேண்டாம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஒரே கொசு எழுந்து மறுபடி உட்கார்ந்தால் இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும் என்பது தெரியும். ஆனால் எல்லா நாளும் அதே பிழைதான் என்பதால் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியும். இன்னொரு கணக்கு விடியற்காலையில்: படுக்கைக் கொசுவலையின் வெளிப்பக்கம் உட்கார்ந்திருப்பவற்றை டார்ச் அடித்து எண்ணுவது. முதல் நாள் அது 17.

முதல் நான்கு வாரங்களில் செய்தது பெரும்பாலும் பயன்படவில்லை. எலுமிச்சைப் புல் வாசனையுள்ள செடிகளை நாற்காலியைச் சுற்றி வைத்தேன். அந்த வாரத்து எண்கள் 21, 24, 22. அதன் எண்ணெயைத் தோலில் தடவினால் கொஞ்ச நேரம் பலன் இருக்கும், ஆவியாகிப் போனதும் பலனும் போய்விடும். சும்மா நிற்கும் செடியிலிருந்து அந்த அளவு வாசனை வெளியே வருவதில்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பார்த்தேன். போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வித்தியாசமே இல்லை. வெளியிடங்களில் நடந்த பத்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்றும் இதையேதான் சொல்கிறது என்று பிறகு படித்தேன்.

நீல வெளிச்சத்தால் பூச்சியை இழுத்து மின்சாரத்தில் கொல்லும் விளக்குதான் மனசைக் கஷ்டப்படுத்தியது. ஒரு வாரம் எரியவிட்டு, அடித்தட்டை வெள்ளைத் தாளில் கொட்டினேன். அந்துப்பூச்சிகள், சின்ன வண்டுகள், எதற்கும் தொந்தரவு தராத ஈக்கள். கொசு என்று சொல்ல நான்கைந்துதான். 1996இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இப்படிப்பட்ட விளக்குகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணியபோது, அவற்றில் கடிக்கிற வகை 31தான். கொசு வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சுக்காற்றின் கரியமில வாயு, வியர்வை வாசனை, உடல் சூடு இவற்றைத் தொடர்ந்து வருகிறது. இரவில் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கிற அந்துகளை நான் கொன்றுகொண்டிருந்தேன். அன்றே கழற்றிவிட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் உருப்படியாகப் பலன் தந்தது சாதாரண மேசை விசிறி. கால் மட்டத்தில் வைத்து ஓடவிட்டதும் 23 இருந்த இடத்தில் 6. கொசு வலுவாகப் பறக்கக்கூடிய பூச்சி கிடையாது. காற்றை எதிர்த்து வர முடியாது, நம் மூச்சும் வாசனையும் கலைந்துபோவதால் வழியும் தெரியாது. மகள் வெளியே உட்காரும்போது விசிறி, வெளிர்நிற முழுக்கால் உடை, தோலில் தடவ டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பு (குழந்தைகளுக்கு எந்த அளவு என்பதை உறையில் படித்துவிட்டுத்தான்) என்று முடிவு செய்தோம். ஆனால் விசிறியை நிறுத்தினால் மறுபடி 23. கொசுக்கள் தோட்டத்திலேயே இருக்கின்றன, எங்களைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரத்தில் பறக்கிற கொசுவை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேட ஆரம்பித்தேன். கையில் டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு கரண்டி. கிண்ணம் வெள்ளையாக இருந்தால்தான் நெளிகிற கொசுப்புழு கண்ணில் படும். என் தோட்டத்தில் தண்ணீர் தேங்குவதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அன்று மட்டும் பதினோரு இடம் கிடைத்தது. தொட்டிகளின் அடித்தட்டுகளை எதிர்பார்த்தேன். எதிர்பாராதவை: கொடிக்கு ஊன்றிய மூங்கில் குச்சியின் வெட்டுவாய், உரமூட்டையை மூடிய தார்ப்பாயின் மடிப்பு, மூலையில் கிடந்த பூவாளியின் வயிறு, ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. மூங்கில் வாயில் இரண்டு கரண்டித் தண்ணீர் இருந்தால் அதிகம். அதில் முப்பது புழு.

எல்லாவற்றையும் கொட்டினேன். மூங்கிலுக்குள் மணலை நிரப்பினேன், தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். பத்து நாள் போயும் மாலைக் கணக்கு குறையவில்லை: 22, 20, 23. கிட்டத்தட்ட விட்டுவிட நினைத்தேன். பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், பறக்க ஆரம்பித்த பெண் கொசு அதன்பிறகு சில வாரம் உயிரோடு இருக்கும். நான் மூடியது வரப்போகிற கொசுக்களின் வழியை. ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவை வயதாகிச் சாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஏழாவது வாரம் மாலைக் கணக்கு 9க்கு வந்தது.

விடியற்காலைக் கணக்கு மட்டும் 15, 16 என்று அப்படியே நின்றது. இதற்கு விடை சொன்னது ஒரு கண்ணாடிப் புட்டி. தட்டுகளில் கிடைத்த புழுக்களில் கொஞ்சத்தைப் புட்டியில் விட்டு, வாயை வலைத்துணியால் இறுகக் கட்டி வைத்திருந்தேன். புழு நான்கு முறை தோலுரிக்கிறது. அப்புறம் காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுவாகிறது. அதற்கு வாய் இல்லை, ஆனால் நிழல் பட்டால் குட்டிக்கரணம் போட்டு அடியில் ஓடும். ஒரு காலையில் அதன் முதுகு பிளந்து, தன் தோலையே படகாக்கி அதன்மேல் கொசு நின்றதை மகளும் நானும் பார்த்தோம். கறுப்புக் கால்களில் வெள்ளைப் பட்டைகள். ஏடிஸ். வெளிவந்த அத்தனையும் அதே வகை.

ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். படுக்கை வலையில் இருந்த ஒன்றைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மங்கிய பழுப்பு, காலில் பட்டை இல்லை. கியூலெக்ஸ். இரவில் கடிப்பது, அழுக்குத் தண்ணீரில் பெருகுவது. தட்டுகளை எத்தனை முறை கவிழ்த்தாலும் இது ஏன் குறையப்போகிறது? அழுக்குத் தண்ணீர் என்றால் வீட்டில் இருப்பது ஓர் இடம்தான்: செப்டிக் டேங்க். மூடி சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு, காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் வலைத்துணிப் பை ஒன்றை ஓர் இரவு கட்டி வைத்தேன். காலையில் பை கறுத்துத் தெரிந்தது. எண்ணத் தொடங்கி எண்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

குழாய் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலையைக் கட்டி, மூடியோரத்தில் இருந்த மயிரிழை விரிசலுக்கும் சிமெண்ட் பூசினேன். மொத்தம் ஒரு மணி நேர வேலை. பத்தாவது வாரம் விடியற்காலைக் கணக்கு 4. ஒரு மணி நேர வேலைக்கு அது பெரிய இறக்கம். இதைப் படிப்பவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் அந்தக் குழாயை மட்டும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இடையில் ஒன்பதாவது வாரம் ஒரு மழை. காய்ந்து, வாரக்கணக்கில் கவிழ்த்தே கிடந்த தட்டுகளைச் செடிக்கு அடியில் மறுபடி வைத்திருந்தேன். மழை பெய்த இரண்டாம் நாளே அவற்றில் குட்டிப் புழுக்கள். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நனைந்ததும் பொரிக்கும். படித்ததுதான், இருந்தாலும் கண்ணால் பார்க்க ஆசை. பழைய தட்டுகளில் இரண்டை எடுத்து ஒன்றைக் கம்பி நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன், மற்றதை அப்படியே விட்டேன். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, எந்தக் கொசுவும் உள்ளே போகாதபடி வலை கட்டினேன். தேய்த்ததில் ஒன்றுகூட இல்லை. தேய்க்காததில் மூன்றாம் நாள் 41 புழு. கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். அன்றிலிருந்து நார் இல்லாமல் நான் தோட்டத்துக்குள் போவதில்லை.

கொட்ட முடியாத தண்ணீர் இரண்டு. அல்லித்தொட்டியில் ஆறு கப்பி மீன்கள் விட்டேன், இரண்டே நாளில் ஒரு புழுகூட மிச்சமில்லை. (இந்த மீனைக் குளம், ஓடைகளில் விடாதீர்கள், அங்கே இருக்கிற மற்ற உயிர்களுக்குக் கேடு.) மழைநீர்ப் பீப்பாய்க்கு மேலே வலை, உள்ளே பி.டி.ஐ. வில்லை. பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா அது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தார்கள். புழு அதைத் தின்றால், அதன் குடலின் காரத்தன்மையில் நச்சு கரைந்து குடலைச் சிதைக்கும். மீனுக்கும் நாய்க்கும் நமக்கும் ஒன்றும் செய்யாது. போட்ட மறுநாளும் பீப்பாயில் சில துள்ளிக்கொண்டிருந்தன, ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். பார்த்தால் அத்தனையும் கூட்டுப்புழுக்கள். தின்றால்தான் வேலை செய்யும் மருந்து, தின்னாத உயிரை எப்படித் தொடும்? அடுத்த வாரம் தண்ணீர் வெறுமையாக இருந்தது.

பதினோராவது வாரம் பெரிய தவறு ஒன்று செய்தேன். கறுப்பு வாளியில் தண்ணீரும் வைக்கோலும் போட்டு ஊறவிட்டால் கொசுக்கள் அதைத் தேடி வந்து முட்டையிடும், ஐந்து நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துவிட்டால் அந்தத் தலைமுறையே போய்விடும் என்று பொறிவாளி வைத்திருந்தேன். நன்றாகவே வேலை செய்தது. அவசரமாக வெளியூர் போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆனது. வாளியில் வெற்றுத் தோல்கள் மிதந்தன. மாலைக் கணக்கு 7இலிருந்து 18. மகளின் காலில் மறுபடி தடிப்பு, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒருநாளும் தவறாமல் பார்க்க முடிந்தவர்கள் மட்டும் இதை வைக்கட்டும். நான் எடுத்துவிட்டேன்.

அது அடங்கிய பிறகும் மாலைக் கணக்கு 6க்குக் கீழே இறங்கவே இல்லை. என் பக்கம் புழு கிடையாது. ஏடிஸ் வாழ்நாள் முழுக்கச் சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும் என்பதால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அக்கா, உங்க பின்பக்கம் ஒரு தடவை பார்க்கலாமா?”

“நம்ம வீட்ல தண்ணியே தேங்காது தம்பி. தினமும் கூட்டி விடறேனே.”

நானும் இதையேதான் நம்பியிருந்தேன் என்றேன். சுவரோரம் ஒரு பழைய டயர். டயரை எப்படிச் சாய்த்தாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். கரண்டியால் மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு வெயிலில் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இதுவா? மீன் குஞ்சுன்னுல்ல நினைச்சேன்” என்றார். டயரின் அடியில் நான்கு துளை போட்டுக் கொடுத்தேன். இப்போது அவரும் ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்திருக்கிறார்.

ஞாயிறுதோறும் காலையில் இரண்டு வீட்டையும் ஒரு சுற்று வருகிறோம். வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம் அந்த ஏழு நாள் கணக்குதான். 1901இல் கியூபாவின் ஹவானாவில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸ் வீடு வீடாக ஆள் அனுப்பித் தண்ணீர்ப் பாத்திரங்களை மூடவைத்தும், வீடுகளுக்குள் புகைபோட்டும் சில மாதங்களில் ஏடிஸ் பரப்பும் மஞ்சள் காய்ச்சலை அந்த நகரத்திலிருந்து விரட்டினார். இரண்டு வீட்டுக்கு இருபது நிமிடம் ஆகிறது.

பதினான்காவது வாரம்: மாலை 3, விடியற்காலை 1. நேற்று மகள் விசிறி இல்லாமல் அரைமணி நேரம் தோட்டத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள். அந்த 3 எங்கிருந்து வருகிறது என்று ஓர் ஊகம் உண்டு. கூரையோரத்து மழைநீர்த் தகரத்தில் ஓரிடம் தொய்ந்திருக்கிறது, கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஏணி சொல்லி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு கரண்டியோடு மேலே ஏறுகிறேன், அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.