மருந்து விட்டுப் போன பதினொரு இரவுகள்

என் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, எழ வேண்டியவர் இரவெல்லாம் பலகை வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார். தரைப் பலகை கிறீச்சிட்டால் அம்மாவுக்குக் கால் குடைச்சல் வந்துவிட்டது என்று பாயில் படுத்திருக்கும் எங்களுக்குத் தெரியும். கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பழைய சேலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டி, அதுவும் உதவாதபோது சமையல்கட்டின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பார். பகலெல்லாம் மரம் மரமாக நடந்த அலுப்பு என்றே நாங்கள் நம்பினோம். அலுத்த கால் ஓய்வைத்தானே கேட்க வேண்டும், இந்தக் கால் மட்டும் ஏன் படுத்தவுடன் நடக்கச் சொல்கிறது என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அது எனக்கு வந்தது. வலி என்று சொல்ல முடியாது. எலும்புக்குள் ஏதோ ஊர்வது போலவும், காலை உடனே உதறாவிட்டால் உள்ளே எதுவோ அறுந்துவிடும் போலவும் இருக்கும், எழுந்து நான்கு அடி நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் மீண்டும் தொடங்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும் என்பதால் பள்ளி வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரவுப் பேருந்தில் போவதை விட்டுவிட்டேன். பதினேழாம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார் என்பதும், 1945இல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் (ஓய்வற்ற கால்கள்) என்ற பெயரை நிலைநிறுத்தினார் என்பதும், பல குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்பதும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை.

2018இல் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பிராமிபெக்சோல் கொடுத்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனம் செய்யும் வேலையைப் போலியாகச் செய்யும் மாத்திரை இது. நடுக்குவாத (பார்கின்சன்) நோயாளிகளுக்கு ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் வரை தருவார்கள்; எனக்குக் கிடைத்ததோ 0.125 மில்லிகிராம்தான். முதல் நாளே பலன் கிடைத்தது. காலை ஆறு மணிக்குக் கண் விழித்தபோது நான் இரவு முழுவதும் தூங்கியிருந்தேன் என்பதை நம்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அம்மாவுக்கு இந்த மாத்திரை கிடைக்காமல் போயிற்றே என்று அன்று அழுதேன். அந்த அழுகையை இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஒன்றரை ஆண்டு கழித்துக் குடைச்சல் எட்டு மணிக்கே வரத் தொடங்கியது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அடங்கிற்று. பிறகு மாலை ஐந்து மணிக்கு வந்தது, மீண்டும் கூட்டினார்கள். 2024இல் நான் 0.75 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன். குடைச்சலோ காலை பதினொரு மணிக்கே வந்து, கால்களோடு நிற்காமல் கைகளுக்கும் ஏறியிருந்தது. நோய் முற்றுகிறது என்று மருத்துவர் சொன்னதை நானும் நம்பினேன். இதற்கு ‘ஆக்மென்டேஷன்’ என்று ஒரு பெயர் உண்டு, நோயை அடக்குவதற்காகக் கொடுத்த மருந்தே காலப்போக்கில் நோய்க்குத் தீனி போடத் தொடங்கும், அளவைக் கூட்டக் கூட்ட நோயும் கூடவே வளரும் என்பதை அந்த ஆறு ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. லெவோடோபா என்ற பழைய மருந்தில் இதைக் கண்டு ஆலன், எர்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1996இலேயே எழுதியிருக்கிறார்கள். அதாவது நான் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு 22 ஆண்டுகள் முன்பே இது தெரிந்த செய்தி.

இந்த இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கும் ஒன்றை எழுதியாக வேண்டும். 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த நான், வாழ்க்கையில் ஒரு முறைகூட நான்கு நம்பர் லாட்டரி எடுத்ததில்லை. 2022 வாக்கில் புதன், சனி, ஞாயிறு என்று குலுக்கல் தவறாமல் எடுக்கத் தொடங்கினேன். கார் எண், கனவில் வந்த வீட்டின் கதவு எண், பழைய மாணவனின் அடையாள அட்டையின் கடைசி நான்கு இலக்கம் என்று எதைப் பார்த்தாலும் அது எனக்கு எண்ணாகத் தெரிந்தது. ஓய்வூதியத்தில் மாதம் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போயிற்று. கணவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இங்கே வாங்காமல் கோலகங்சார் வரை போய் வாங்கியிருக்கிறேன். வயதான காலத்தில் புத்தி இப்படிக் கெட்டுவிட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேனே தவிர, காலுக்குச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

2025 தொடக்கத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் வற்புறுத்தலால் வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். வயதில் சிறியவர். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, “டீச்சர், கேட்கிறேனே என்று தவறாக நினைக்காதீர்கள், சூதாட்டம், அளவுக்கு மீறிப் பொருள் வாங்குவது, இரவில் எழுந்து சாப்பிடுவது, இப்படி ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா?” என்றார். கணவர் அருகில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன். அடக்க முடியாத இத்தகைய உந்துதல்கள் இந்த வகை மருந்துகளின் அறியப்பட்ட பக்க விளைவு என்று அவர் கணவரைப் பார்த்தே விளக்கினார்; அதற்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஒரு காலத்தில் முதல் மருந்தாக இருந்த பிராமிபெக்சோலையும் அதே வகையைச் சேர்ந்த ரோபினிரோலையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கின்றன என்பதையும், இரும்புச் சத்தையும், நரம்புகளை அமைதிப்படுத்தும் காபாபென்டின் வகை மருந்துகளையுமே முன்னிறுத்துகின்றன என்பதையும் அவர்தான் சொன்னார்.

உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதை இரத்தத்தில் காட்டும் பெரிட்டின் எனக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 28 நானோகிராம். பரிசோதனைத் தாளில் ‘இயல்பு’ என்றுதான் அச்சாகியிருந்தது, இரத்தச் சோகையும் எனக்கு இல்லை. ஆனால் மூளை டோபமினை உருவாக்குவதற்கு இரும்பு வேண்டும் என்பதால், இந்த நோய் உள்ளவர்களுக்கு 75க்குக் கீழே இருந்தாலே குறை என்று கொள்ள வேண்டுமாம். ஆகவே மருந்தில் கை வைப்பதற்கு முன்னரே சிரை வழியாக 1000 மில்லிகிராம் இரும்பு ஏற்றினார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அந்த வரிசை முக்கியம். இரவில் 300 மில்லிகிராம் காபாபென்டின் தொடங்கி, அது உடம்புக்குப் பழகிய பிறகே மே மாதத்தில் பிராமிபெக்சோலைக் குறைக்க ஆரம்பித்தோம்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 0.125 மில்லிகிராம், மொத்தம் ஆறு படிகள். திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனமும் தாங்காது, நீங்களாக எதையும் செய்யாதீர்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். இதைப் படித்துவிட்டு யாரும் தம் மாத்திரையைத் தாமே குறைக்க வேண்டாம் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கு எனக்குப் போட்ட கணக்கு.

முதல் ஐந்து படிகளிலும் ஒரே மாதிரிதான் நடந்தது: குறைத்த மறுநாளிலிருந்து மூன்று நான்கு இரவுகள் மோசமாகப் போகும், பிறகு தணியும். மூன்றாம் படிக்குப் பிறகு நம்பர் கடையைத் தாண்டிப் போகும்போது கால் நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் கொடியது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், மகளை ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். ஆகஸ்டு 2ஆம் தேதி, ஆடிப்பெருக்குக்கு முந்தைய இரவு, கடைசி மாத்திரையைச் சாப்பிட்டேன். மீதமிருந்த அட்டைகளை அவளிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தரக் கூடாது, மருத்துவர் சொன்னால் மட்டுமே தர வேண்டும் என்று சொன்னேன். நான்காம் இரவு கெஞ்சினேன். அவள் தரவில்லை.

முதல் மூன்று இரவுகளில் கண்ணிமை மூடியது மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கலாம். கால் தானாக உதறிக்கொள்ளும், கைகள் அதற்குத் துணை போகும், நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. எங்கள் தாமானின் (குடியிருப்பின்) மூன்று சாலைகளையும் சுற்றிச் சுற்றி நடந்தேன். இருபத்திரண்டு வீடுகளின் நாய்களும் முதல் இரவு குரைத்தன, மூன்றாம் இரவு ஒன்றும் தலை தூக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் நிறைந்த வாளியில் காலை வைத்தால் பத்து நிமிடம் கிடைக்கும். வெந்நீர் சிலருக்கு உதவும் என்கிறார்கள், எனக்கு உதவவில்லை. அம்மா செய்தது போலப் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிப் பார்த்தேன். அம்மா முட்டாள் இல்லை: இறுக்கிய வரைக்கும் குடைச்சல் சற்று மட்டுப்பட்டது.

நான்காம் இரவு நான் ஒரு தவறு செய்தேன். மூக்கடைப்புக்காக வீட்டில் கிடந்த குளோர்பெனிரமின் மஞ்சள் மாத்திரையைச் சாப்பிட்டால் தூக்கமாவது வரும் என்று விழுங்கிவிட்டேன். தூக்கம் கண்ணில் நிற்க, கால் மட்டும் பேய் பிடித்தது போல ஆடியது. அரைத் தூக்கத்தில் எழுந்து நடக்கவும் திராணியில்லை. தூக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இந்த நோயைக் கிளறிவிடும் என்று காலையில் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். மருந்தகத்தில் போய் நிற்கும்போது இதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

கால் பட்ட பாட்டைவிட மனம் பட்ட பாடு மோசம். அந்தி சாயும்போது காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், சாம்பார் வைக்கக் கரண்டியை எடுத்தால் எதற்கு வைக்க வேண்டும் என்று தோன்றும். டோபமினைப் போலச் செயல்படும் மருந்தை விடும்போது வரும் இந்த நிலைக்கு நடுக்குவாத நோயாளிகளை வைத்து 2010இல் ஒரு பெயரே சூட்டியிருக்கிறார்கள். நம்பர் எடுக்கும் பழக்கம் போன்றவை வந்தவர்களை இது கூடுதலாகப் பிடிக்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், இதுதான் இனி நான், நோயின் உண்மையான முகமும் இதுதான் என்று எண்ணி ஐந்தாம் நாளே மாத்திரைக்குத் திரும்பியிருப்பேன். இது நோய் அல்ல, மருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் சத்தம் என்று கணவர் ஒவ்வொரு மாலையும் சொல்வார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். எதையும் கணக்கேட்டில் எழுதினால்தான் நம்புவார். நான் தூங்கிய மணித்துளிகளை ஒரு பழைய செக்ரோல் (ஆள் வரவுப் பதிவு) புத்தகத்தில் எழுதி வந்தார்: 40, 25, 55, 20.

உட்கார்ந்த இடத்தில் இருக்க எனக்கு உதவிய ஒரே பொருள் கோல நோட்டு. மூளை முழுவதும் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் குடைச்சல் பின்வாங்கும். தொலைக்காட்சி பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது, தலையைக் குடைய வேண்டும். ஆகவே கட்டம் போட்ட நோட்டில் 15 புள்ளி, 17 புள்ளி, 21 புள்ளி என்று சிக்குக் கோலங்களைப் போட்டேன். ஒரே இழையில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரம் கால் என்னை மறந்துவிடும். எட்டாம் இரவு மூன்று மணி நேரம் தூங்கினேன். பதினோராம் இரவுக் கோலம் பாதியில் நிற்கிறது, இழை தாளின் ஓரம் வரை கோணலாக ஓடியிருக்கிறது. மேசையிலேயே தூங்கிப் போனேன். கணவரின் புத்தகத்தில் அன்றைய கணக்கு 310.

இப்போது முழு நலம் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் ஒன்பதரை மணிக்குக் குடைச்சல் வரும். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இருந்த அதே பழைய குடைச்சல். காபாபென்டினால் காலையில் தலை சற்றுக் கிறுகிறுக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, அதனால் காலை எட்டு மணிக்கு முன் கார் ஓட்டுவதில்லை. மாலை நான்குக்கு மேல் தே தாரிக் என்ற பால் தேநீரும் கோப்பியும் கிடையாது. பெரிட்டின் 140க்கு ஏறியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். போன மாதம் கோயில் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பல ஆண்டுகளாகத் தூண் ஓரம் நின்றே பார்த்தவளை இன்று என்ன இப்படி என்று செயலாளர் கேட்டார்.

குளுவாங்கில் இருக்கும் என் தங்கைக்கும் இதே குடைச்சல். மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடலாமா அக்கா என்று போன வாரம் கேட்டாள். சாப்பிடாதே என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. முதலில் பெரிட்டின் பார்த்தார்களா என்று கேள், பிறகு இந்த மருந்துக்கு மாற்று உண்டா என்று கேள் என்றேன். நேற்றிரவு புலனத்தில் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 19. பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தது.